ஐந்து ஞாயிறுகளுக்கு ஒரு பிளாஸ்மா கட்டர்

1

போன சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு கார்ல் வந்து மணியடித்தார். கையில் உடைந்த இரும்புப் பட்டை ஒன்று. பனி தள்ளும் வண்டியிலிருந்து கழன்று விழுந்துவிட்டதாம். "உங்கள் கணவர் இருக்கிறாரா? இதே அளவில் ஒன்று வெட்டித் தருவாரா என்று கேட்க வந்தேன்" என்றார்.

என் கணவர் செல்வம் அப்போது சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, கத்தி பிடித்த கையால் என்னைக் காட்டினார். கார்ல் என்னை ஒரு முறை பார்த்தார், செல்வத்தை ஒரு முறை பார்த்தார், அரை மனதோடு பட்டையை என்னிடம் நீட்டினார். கராஜுக்குப் போய் வெட்டி, ஓரத்தை உரசி, அரை மணி நேரத்தில் கையில் கொடுத்தேன். பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழ்ந்தவர், போகும்போது செல்வத்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. இதே கூத்தைக் கோயமுத்தூரில் என் அக்கா வீட்டு வாசலில் எத்தனையோ தடவை பார்த்தவள் நான்.

ஒஹாயோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில் பதினோரு வருடமாக இருக்கிறோம். எனக்கு ஊர் நூலகத்தில் வேலை. புத்தகம் அடுக்குகிற கையால் எப்படி இரும்பு வெட்ட வந்தது என்று கார்ல் கேட்கவில்லை. நீங்களாவது கேட்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். எங்கள் கராஜில் ஒரு பிளாஸ்மா கட்டர் இருக்கிறது. கரண்டையும் அழுத்திய காற்றையும் ஒரு குட்டி ஓட்டை வழியாகச் சேர்த்துச் சீறவிட்டு, அந்தச் சூட்டில் உலோகத்தை வெட்டும் மிஷின். டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். எங்கள் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய், பாஸ்போர்ட்டில் இடம்பிடித்து, பத்திரமாகத் திரும்பிவந்த மிஷின் அது. வாங்கியது எனக்காக இல்லை.

2

அக்கா ராஜாமணி என்னைவிட ஆறு வயது மூத்தவள். கோயமுத்தூர் கணபதியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கேட்டும் கிரில்லும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறை. ஆரம்பித்தவர் அவள் கணவர் சுப்பு மாமா. ஒரு நாள் இரட்டைக் கதவு கேட்டைத் தனி ஆளாகத் தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுவாரமே அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெல்டிங் கண்ணாடியை மாட்டினாள். அதற்கும் ஏழு வருடம் ஆயிற்று.

மாமா டீ போடுவார், கடை கண்ணிக்குப் போவார், வருகிறவர்களிடம் வாய் நிறையப் பேசுவார். வினையே அந்தப் பேச்சில்தான். வருகிறவர்கள் எல்லோரும் அளவை மாமாவிடம் சொல்வார்கள், டிசைனை மாமாவிடம் கேட்பார்கள். "எனக்கொண்ணுந் தெரியாதுங்க, அவகிட்டக் கேளுங்க" என்று அவர் கையை விரித்தால், எவ்வளவு அடக்கமான மனிதர் என்று மெச்சிவிட்டு மறுபடி அவரிடமே கேட்பார்கள். அக்கா பக்கத்தில் நின்று சாக்பீஸால் தரையில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.

போன வருடம் வசந்த காலத்தில் அவளிடமிருந்து கனமான ஒரு கவர் வந்தது. வழியில் யாரோ பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு கடிதமும், உள்ளங்கை அகலத்துக்கு மூன்று மில்லி கனமுள்ள எவர்சில்வர் தகடும்.

மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் ஒருவர் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டுகிறார். வாசலுக்கு எவர்சில்வரில் ஒரு வளைவு வேண்டும். மற்ற மண்டபத்து மயிலும் யானையும் வேண்டாம், தன் பிழைப்பான பாக்குக் குலைகளே வளைவு முழுக்கத் தொங்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் மண்டபத் திறப்பு. அக்கா ஒத்துக்கொண்டுவிட்டாள். இரும்பை வெட்டும் கேஸ் கட்டிங், எவர்சில்வரில் ஏறாது. ரம்பம் போட்டு அறுத்தால் ஒரு குலைக்கே ஒரு வாரம் போய்விடும்.

"கண்ணு," என்று எழுதியிருந்தாள், "இந்த வேல கெடச்சதே பெருசு. இத நல்லபடியா செஞ்சு நிறுத்திப்போட்டன்னா, இது ராஜாமணி பட்டறைன்னு ஊருக்குத் தெரிஞ்சுரும். முடியாமப் போச்சுன்னு வெய்யி, பொம்பளகிட்டக் குடுத்தா இப்படித்தான்னு சொல்லிப்போடுவாங்க. அப்பறம் ஜன்னக் கம்பிக்குக்கூட ஆள் வராது. பிளாஸ்மா கட்டர்னு ஒண்ணு இருக்குதாமா. நல்லதா ஒண்ணு பாத்து எடுத்துட்டு வா. இந்தத் தகட்டுல வெட்டிப் பாக்காம மட்டும் வாங்கிறாத."

எடுத்துட்டு வா என்பதை, வரும்போது நாலு சாக்லேட் எடுத்துட்டு வா என்கிற மாதிரிதான் எழுதியிருந்தாள். எனக்கு வெல்டிங்குக்கும் சால்டரிங்குக்கும் வித்தியாசம் தெரியாது. பட்டறை வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டது அவள், காலேஜ் முடித்து அமெரிக்க மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டது நான். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் இது. தவறான ஒன்றை வாங்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நிற்க எனக்கு மனமில்லை.

3

நூலகத்தில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி, படிக்கப் பஞ்சமில்லை. மதிய இடைவேளைகளில் வெல்டிங் பத்திரிகைகளாகப் புரட்டினேன். சாண்ட்விச்சைக் கடித்தபடி நான் அதில் ஆழ்ந்திருப்பதைப் பார்த்த சக ஊழியர்கள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று நாசூக்காக விசாரித்தார்கள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊரில் வெல்டிங் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கூட என் பிள்ளைகள், பதினாலு வயது கவிதாவும் பத்து வயது அருணும். கவிதா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ பெற்ற பிள்ளை மாதிரி நாலடி தள்ளி நின்றாள். அந்த வருடம் அவளுக்கு எங்களோடு நடப்பதே வெட்கமாக இருந்தது. கோடை விடுமுறையில் ஊருக்கு வர மாட்டேன் என்று வேறு அடம். 'உங்கள் இந்தியா' என்பாள். அந்த 'உங்கள்' என்னைக் குத்தும்.

கடைக்காரர் டேல், பெரிய தொப்பையும் பெரிய சிரிப்பும் உள்ளவர். என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் "ஏனுங்க." பதட்டம் வந்தால் எனக்கு அப்படித்தான், நாக்கு நான் பிறந்த பீளமேட்டுக்குப் போய்விடும். சுதாரித்துக்கொண்டு, பிளாஸ்மா கட்டர் பார்க்க வேண்டும் என்றேன்.

"உங்கள் கணவர் எதை வெட்டப் போகிறார்?"

"கணவர் வெட்டவில்லை. என் அக்கா."

டேல் ஒரு கணம் யோசித்துவிட்டு, அக்கா எதை வெட்டப் போகிறார் என்று கேட்டார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மூன்று மிஷின்களைக் காட்டினார். ஒன்று, சக்கரம் வைத்த பெரிய பீரோ மாதிரி. உள்ளே செம்புக் கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மர். அரை அங்குலத் தகட்டையும் அறுக்கும், காலத்துக்கும் உழைக்கும். இரண்டாவது எலெக்ட்ரானிக் மிஷின், இருபத்தைந்து கிலோ, ஒரே ஆள் தூக்கலாம். மூன்றாவது இன்னும் பொடிசு, கார் தகடு வெட்டுவதற்கு.

எங்கள் பக்கத்து ஜனங்களின் குணம் உங்களுக்குத் தெரியும். ஐந்து குதிரைசக்தி மோட்டார் போதும் என்றால் ஏழரை வாங்குவோம். நாலு பேர் சாப்பிடும் வீட்டில் நாற்பது பேருக்கு ஆட்டுகிற கிரைண்டர் இருக்கும். எதுக்கும் இருக்கட்டும் என்கிற அந்த ரத்தம் என்னை நேராகப் பீரோவிடம் கொண்டுபோய் நிறுத்தியது. அதன் தலையைத் தடவிக்கூடப் பார்த்தேன். கெட்டுப்போனால் கோயமுத்தூரில் எந்த வைண்டிங் கடையிலும் கம்பி சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதை ஏற்றிக்கொண்டு போக விமானத்தில் எனக்குச் சீட்டுக் கிடைக்காது. போதாததற்கு, பட்டறைக்கு வருவது வீட்டு லைன் கரண்ட், பீரோ ஓட அது பத்தாது.

அக்கா அனுப்பிய தகட்டை எடுத்து வைத்தேன். இதில் வெட்டிக் காட்டுங்கள் என்றேன். டேல் பொடிசில் ஆரம்பித்தார். அது பாதி வரை போய் மூச்சு வாங்கி நின்றது. நடு மிஷினை எடுத்தார். நீலமாக ஒரு சீறல், தகடு இரண்டாகி விழுந்தது. வெட்டின ஓரம் மோதிர விளிம்பு மாதிரி மழமழவென்று இருந்தது.

"நீங்கள் ஒரு முறை பிடித்துப் பாருங்கள்" என்று வெட்டுகிற கைப்பிடியான டார்ச்சை என் கையில் கொடுத்தார். முகமூடி மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த துண்டில் 'ரா' என்று வெட்டினேன். கோணல்மாணலாக வந்தது. ஆனாலும் அந்த நிமிடம் எனக்குள் பொங்கிய சந்தோஷம், கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை என்று செல்வத்திடம் சொன்னேன். அவர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்.

அன்று பொழுதோடே அக்காவுக்கு போன் போட்டேன். டேல் சொல்லிக்கொடுத்தபடி, பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம்தான் வெட்டலாம், மீதி நேரம் மிஷின் ஆற வேண்டும் என்றேன்.

"மூணரை நிமிசம் வேலை, மிச்சமெல்லாம் ரெஸ்டா? அப்ப உங்க மாமனாட்டம்னு சொல்லு" என்றாள். பின்னாலிருந்து மாமா சிரிப்பது கேட்டது.

4

வீட்டுக்கு மிஷின் வந்ததும் நான் செய்த முதல் காரியம், எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

கோயமுத்தூரில் மோட்டாரோ கிரைண்டரோ, புதிதாக எது வந்தாலும் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் பிரிப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம், எல்லா ஸ்க்ரூவையும் ஒரு திருகு இறுக்குவோம், மூடுவோம். அப்பா செய்வார், அக்கா செய்வாள், நான் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். இதற்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளித் தாள் கிழிந்தபோதுதான் அதில் பொடி எழுத்தில் ஏதோ இருப்பது கண்ணில் பட்டது. இதைக் கிழித்தால் வாரண்டி கிடையாது.

டேலுக்கு போன் செய்தேன். "ஏன் திறந்தீர்கள்?" என்றார். "ஸ்க்ரூ இறுக்க" என்றேன். "லூசாக இருந்ததா?" ஒன்றே ஒன்று லூசாக இருந்தது. அதைச் சொன்னபோது என் குரலில் இருந்த வெற்றிக்களிப்பு எனக்கே கேட்டது. ஆனாலும் இனி மாற்றித் தர முடியாது, கெட்டால் உங்கள் பாடு என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு ஊருக்குக் கிளம்பும்வரை எனக்கு நிம்மதி இல்லை. அக்காவின் பேர் முழுக்க இந்தப் பெட்டியில் இருக்கிறது, அதை நான் வாரண்டி இல்லாத பெட்டியாக்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் துணிகளையும் இரண்டு போர்வைகளையும் சுற்றி, கைக்குழந்தையைப் பொதிகிற மாதிரி பொதிந்து எடுத்துப் போனேன். செல்வத்துக்கு லீவு கிடைக்கவில்லை. கவிதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

5

விமானம் இறங்கின இடத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். போர்வைக்குள்ளிருந்து மிஷின் தலையை நீட்டியதும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"எவர்சில்வர் வெட்டற மிஷின் சார். எங்க அக்கா பட்டறைக்கு."

"வீட்டுக்காரர் வரலையா?"

இந்தக் கேள்விக்கு உலகம் முழுவதும் ஒரே அச்சுத்தான் போலிருக்கிறது. வரவில்லை என்றேன். கல்யாண மண்டபம், பாக்குக் குலை, ஆவணி முகூர்த்தம் எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மிஷினைச் சுற்றிப் பார்த்தார். கிழிந்த வெள்ளித் தாளில் விரலை வைத்தார்.

"ஏற்கெனவே பிரிச்சிருக்கே. பயன்படுத்தினதா?"

"வெட்டிப் பார்த்துத்தான் சார் வாங்கினேன். வந்ததும் பிரிச்சு ஸ்க்ரூ எல்லாம் இறுக்கினேன்."

அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அவரும் எங்கள் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும். "ரெண்டு வழி இருக்கு. தீர்வை கட்டிட்டா இங்கேயே விட்டுட்டுப் போகலாம். இல்லேன்னா பயன்படுத்தின கருவின்னு உங்க பாஸ்போர்ட்ல எழுதிடறேன். திரும்பப் போறப்ப கையோட கொண்டுபோயிடணும். விட்டுட்டுப் போனா சிக்கல் உங்களுக்குத்தான்."

தீர்வை மிஷினுக்குச் சமமாக வந்தது. நான் ஊரில் இருக்கப்போவது ஐந்து வாரம். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஸ்டாம்பைக் குத்தியபோது, அக்காவுக்கு நான் ஒரு மிஷின் கொண்டுபோகவில்லை, ஐந்து வாரக் கெடுவைத்தான் கொண்டுபோகிறேன் என்று புரிந்தது.

சொன்னபோது அக்கா அசரவில்லை. "அஞ்சு வாரம் போதுங் கண்ணு. வெட்டறத வெட்டிப்போட்டா ஒட்டறதுக்கு நம்ம வெல்டிங் இருக்குதல்லோ" என்றாள். மாமாதான் தடையைக் கொண்டுவந்தார்.

"ஆடி மாசமா இருக்குதே புள்ள. ஆடியில போயி யாராச்சும் புது மிஷினப் போடுவாங்களா? ஆவணி பொறக்கட்டும்."

"ஆவணி பொறந்தா மண்டபத்தத் தொறந்துருவாங்க." அக்கா என் பாஸ்போர்ட்டை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க, பயன்படுத்தினதுன்னு கவர்மென்டே எழுதிக் குடுத்திருக்குது. இது புது மிஷின் இல்லீங்க. நம்ம ஊட்டுக்கு ஒறம்பரையா வந்திருக்குது, இருந்துபோட்டுப் போயிரும். ஒறம்பரை வாரதுக்கு ஆடி என்ன ஆவணி என்ன?"

வந்த விருந்தாளியைப் போகச் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. மாமா சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் சந்தனமும் குங்குமமும் எடுத்துவந்து மிஷினுக்கு வைத்தார். கிழிந்த தாளின் மேலேயே வைத்தார், அது மறைந்துபோயிற்று.

6

வார நாட்களில் கணபதி முழுக்க லேத்தும் கிரைண்டிங்கும் ஓடும். வோல்ட்டேஜ் தொங்கிவிடும், மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு மௌனமாகிவிடும். மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகு அக்கா கண்டுபிடித்தாள், ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் லீவு, அன்றைக்குக் கரண்ட் சரியாக வரும். ஆக ஐந்து வாரம் ஐந்து நாளாகச் சுருங்கியது. வெட்ட வேண்டிய குலைகள் நாற்பது. வெட்டினதை அக்கா வார நாட்களில் வெல்டிங் வைத்து வளைவில் ஒட்டிக்கொண்டே வந்தாள்.

முதல் ஞாயிறு அநேகமாக வீண். காற்றுக்காகப் பஞ்சர் கடையிலிருந்து இரவல் வாங்கிய கம்ப்ரஸர் தண்ணீரையும் சேர்த்துத் துப்பியது. வெட்டு பிசிறடித்தது, டார்ச் முனை சீக்கிரம் எரிந்துபோனது. கவிதா ஒரு மூலையில் உட்கார்ந்து, வேறு ஆங்கிலப் புத்தகம் இல்லாத கொடுமைக்கு, மிஷினோடு வந்த குறிப்புப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து வந்தாள். காற்றில் ஈரம் இருக்கக் கூடாது என்று இதில் போட்டிருக்கிறது என்றாள். பிறகு கம்ப்ரஸரை மறைத்துக்கொண்டு நின்ற மாமாவைப் பார்த்து, "நீ தள்ளி நில்லு" என்றாள்.

வாழ்நாளில் மாமாவை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு உடம்பு கூசியது. அக்கா சொன்னாள், "அவ மனசுல மருவாதியாத்தான் நெனைக்கறா, வாயில வாரதுக்குள்ள அது உதுந்து போயிருது. நீங்க தள்ளி நில்லுங்க." மாமா தள்ளி நின்றார். அக்கா பழைய பைப்பை வளைத்து, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, அதன் வழியாகக் காற்றை விட்டாள். குளிர்ந்த பைப்பில் ஈரமெல்லாம் தங்க, அடியில் ஒரு குழாய் வைத்து வடித்துவிட்டாள். அடுத்த வெட்டு டேல் கடையில் பார்த்த மாதிரியே விழுந்தது.

பிறகு வேலை ஓடியது. நான் பிளைவுட் அச்சைப் பிடித்துக்கொள்வேன், அக்கா அதன் ஓரமாக டார்ச்சை நகர்த்துவாள், மாமா கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று, மூன்றரை நிமிடம் ஆனதும் "போதும், எறக்கு" என்பார். மிஷின் ஆறும் நேரத்தில் டீ. அந்த இடைவெளிகளில் எனக்கும் டார்ச்சைக் கொடுப்பாள். குழந்தைப் பருவத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் அத்தனை நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து சிரித்ததில்லை. ஒஹாயோவில் எனக்கு எத்தனை நல்லவர்கள் இருந்தாலும், என்னை இப்படிச் சிரிக்கவைக்க அங்கே ஆள் இல்லை. அதை நான் அங்கே உணர்ந்ததே இல்லை, இங்கே வந்துதான் உணர்ந்தேன்.

மண்டிக்காரர் வாரம் தவறாமல் போன் செய்வார். நல்ல மனிதர், ஒரு சொல்லுக்கு இரண்டு 'ங்க' போடுகிறவர். அக்கா எடுத்தால், "அம்மணி, சௌக்கியமுங்களா? சார் இருக்காருங்களா, வேலை எம்புட்டுல இருக்குதுன்னு கேக்கோணுங்க" என்பார். அக்கா ரிசீவரை மாமாவிடம் கொடுப்பாள். மாமா அக்காவிடம் கேட்டுக் கேட்டு அவருக்குப் பதில் சொல்வார். பக்கத்தில் நிற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீயே சொன்னா என்னக்கா?"

"வளைவு நிக்கட்டுங் கண்ணு. அது சொல்லும்."

நாலாவது ஞாயிறு மழை, மத்தியானம் வரைக்கும் கரண்ட் இல்லை. ஐந்தாவது ஞாயிறு விடியும்போது ஒன்பது குலை மிச்சம். அன்றைக்கு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. கடைசிக் குலை விழுந்தபோது அக்கா முகமூடியைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்தாள். மிஷினைத் தட்டிக்கொடுத்து, "ஒறம்பரைன்னா இப்படி இருக்கோணும்" என்றாள்.

ஐந்து வாரத்தில் தனக்கு எது தேவை, எது தேவையில்லை என்று அவளுக்கு அத்துபடியாகியிருந்தது. ஊரிலேயே ஒரு வைண்டிங் கடைக்காரரிடம், நம் வோல்ட்டேஜுக்குத் தாங்குகிற மாதிரி டிரான்ஸ்பார்மர் மிஷின் ஒன்று செய்யச் சொல்லிவிட்டாள். எத்தனை பெரியது என்று கேட்டேன். "நாலு மில்லி வெட்டுனாப் போதும். ஆறு மில்லிக்குச் சொல்லியிருக்கறேன், எதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

இப்போது இங்கே சனிக்கிழமைகளில் நான் கராஜுக்குள் நுழைந்தால் செல்வம் காரை வெளியே பனியில் நிறுத்திவிடுவார். கவிதா மறுபடி ஹெட்போனுக்குள் போய்விட்டாள், ஊருக்குப் போன் பேசக் கூப்பிட்டால் இரண்டு வார்த்தையோடு ஓடிவிடுகிறாள். வருத்தம்தான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையில் ஒன்றுக்கு ஒரு 'ங்க' சேர்ந்திருக்கிறது.

7

திறப்பு விழா, நாங்கள் விமானம் ஏறுவதற்கு ஒரு நாள் முன்னால். விடியற்காலையில் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தோம். வளைவு முந்தின நாளே ஏறிவிட்டது. வெயில் பட்டதும் நாற்பது குலையும் பளபளவென்று மின்ன, வருகிறவர்கள் எல்லோரும் உள்ளே போகாமல் வாசலிலேயே அண்ணாந்து நின்றார்கள். நிஜப் பாக்கு விற்கிறவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒருவர், "காய் இன்னுங் கொஞ்சம் பழுக்கோணும்" என்று தமாஷ் செய்தார். அக்கா பட்டுச் சேலையில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

பூஜை முடிந்து, கட்டிடத்தில் உழைத்தவர்களுக்கு மரியாதை. வழக்கம்போலக் கொத்தனார் முதலில், பிறகு ஆசாரி, எலெக்ட்ரீஷியன், பெயிண்டர். ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு, வெற்றிலை பாக்கு பழத்தோடு வேட்டியும் துண்டும் வைத்த தாம்பாளத்தை மண்டிக்காரர் தன் கையால் கொடுத்தார். அடுத்த தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு மைக்கில் சொன்னார்.

"நம்ம வாசல் வளைவச் செஞ்சு குடுத்த கோயமுத்தூர் சுப்பிரமணி அண்ணனுங்க, மேடைக்கு வாங்க."

அக்கா என் கையை விட்டுவிட்டாள். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். மாமா எழுந்திருக்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். இடுப்பு வலி என்று நினைத்து இரண்டு பேர் கைகொடுக்க வந்தார்கள். அவர் உட்கார்ந்தபடியே, மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நான் டீ போட்டவனுங்க, மணி பாத்தவனுங்க. வேல செஞ்சது எங்கூட்டுல ராஜாமணிங்க. அவளக் கூப்புடுங்க."

மண்டிக்காரர் அக்காவைப் பார்த்தார், கையிலிருந்த தாம்பாளத்தைப் பார்த்தார், அதில் மடித்து வைத்திருந்த வேட்டியைப் பார்த்தார். அவர் காது சிவந்துபோனது. பக்கத்தில் நின்ற ஆளைக் கூப்பிட்டு, "ஓடிப்போயி நல்ல சேலையா ஒண்ணு எடுத்துட்டு வாப்பா" என்றார்.

அக்கா எழுந்து, யாரும் கைபிடிக்காமல் மேடை ஏறினாள்.

"சேலை எதுக்குங்க? கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் என்ன குடுத்தீங்களோ, அதையே எனக்குங் குடுங்க."

அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா வாங்கி, வேட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். துண்டை உதறி, பட்டுச் சேலைக்கு மேலே தோளில் போட்டுக்கொண்டாள். முதலில் கை தட்டியது கொத்தனார். நான் அழுதுகொண்டே சிரித்தேன், பக்கத்தில் கவிதா ஹெட்போனைக் கழற்றிவிட்டு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். எங்கே கற்றுக்கொண்டாள் என்று அன்று நான் கேட்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தபோதும் துண்டு அக்காவின் தோளில்தான் இருந்தது. மண்டிக்காரர் இலை இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார். எங்கள் வரிசைக்கு வந்ததும் நின்றார். மாமாவைத் தாண்டி, அக்காவின் இலைக்கு முன்னால் வந்து குனிந்தார்.

"ஏனுங்க அம்மணி, தாராபுரத்துல எங்க மச்சான் பங்களாவுக்கு இரும்புக் கேட்டு ஒண்ணு வேணுமாமுங்க. நீங்க எப்ப வந்து அளவெடுப்பீங்க?"

மாமா தலை நிமிராமல் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள், அவசரப்படவில்லை.

"திங்கக்கெழம வாரேனுங்க."